நாடிழந்தவர் கட்டிய வீடும் நாம் பூட்டிவைத்த வீடுகளும்

லாச்சப்பல் கடைத்தெருவிலிருந்து ஐந்து நிமிடம் நடந்தால் கார் து நோர் தொடருந்து நிலையம். நம்மில் எத்தனையோ பேர் இந்தப் பெருநகரை முதன்முதலாகப் பார்த்தது அந்த நிலையத்தின் வாயிலில் நின்றுதான். 1870ஆம் ஆண்டு செப்டெம்பர் 5ஆம் நாள் இரவு, பிரசெல்சிலிருந்து வந்த வண்டியில் அறுபத்தெட்டு வயதான ஓர் அகதி அங்கு இறங்கினார். அவர் பெயர் விக்ரர் ஹியூகோ. 1851 டிசெம்பர் 11ஆம் நாள் இரவில், அச்சுக்கோப்புத் தொழிலாளி ஒருவரின் பெயரில் எடுத்த கடவுச்சீட்டோடு, தொழிலாளியின் உடையில், இதே இடத்திலிருந்துதான் அவர் பிரசெல்சுக்குத் தப்பிச் சென்றிருந்தார். பிறர் பெயரில் எடுத்த கடவுச்சீட்டு என்றதும் நம்மவர் முகத்தில் ஒரு புன்னகை தோன்றக்கூடும். தோன்றட்டும். பிரெஞ்சுக் கல்விக்கழகத்தின் உறுப்பினரும் மக்களவை உறுப்பினருமாயிருந்த ஒருவர் செய்ததைத்தான் நாமும் செய்தோம்.

அவர் திரும்பிவந்தபோது புறப்பட்ட நிலையம் அங்கு இல்லை. 1846இல் திறக்கப்பட்ட பழைய கட்டடம் இடிக்கப்பட்டு, இன்று நாம் காணும் கட்டடம் 1860களில் எழுப்பப்பட்டுவிட்டது. இடிக்கப்பட்ட நிலையத்தின் முகப்பு லீல் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்குள்ள நிலையத்தில் பொருத்தப்பட்டது. லாச்சப்பலும் அவர் போனபோது பாரிசுக்கு வெளியே இருந்த தனி ஊர். 1860 ஜனவரி முதலாம் நாள்தான் அது மாநகரோடு இணைக்கப்பட்டது. பத்தொன்பது ஆண்டுகள் கழித்துத் திரும்புகிறவன் விட்டுச்சென்ற ஊரைக் காண்பதில்லை. வாசலில் கூடிநின்ற மக்கள் அவரை வாழ்த்தி முழங்கினார்கள். அந்த வாழ்த்தொலி நம்மில் எவருக்கும் கிடைக்கப்போவதில்லை. ஆயினும் இடிந்துபோன நிலையம் நம் அனைவருக்கும் பொது.

இக்கட்டுரை ஹியூகோவின் இலக்கியத்தைப் பற்றியதன்று. அவர் அகதியாயிருந்த காலத்தில் வாங்கிய வீட்டைப் பற்றியது. அந்த வீடு இன்றும் நிற்கிறது. பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் நடுவே, விக்ரோரியா மகாராணியின் ஆட்சிக்குட்பட்டிருந்த கேர்ன்சி என்னும் சிறு தீவில், சென் பீற்றர் துறை என்ற சிற்றூரின் மேட்டுத்தெருவில், 38ஆம் இலக்க வீடு. பெயர் ஓத்வில் இல்லம். விக்ரோரியா காலத்து வீடுகள் எத்தனையோ பேணப்பட்டுள்ளன. ஆனால் ஓர் அகதி தன் கையால் அலங்கரித்து, அவர் விட்டுப்போன நிலையிலேயே நூறாண்டுகளுக்கு மேலாகக் காக்கப்படும் வீடு இதனைப்போல் வேறொன்றை நான் அறியேன்.

இவ்வீட்டைப் பற்றி எழுதவேண்டும் என்ற எண்ணத்தைத் தந்தது ஒரு தேநீர்க்கடைப் பேச்சு. புறநகரில் வீடு வாங்கிய ஒரு குடும்பத்தைப் பற்றி நாலுபேர் கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களுள் வயதில் மூத்த ஒருவர் என் பக்கம் திரும்பி, "வீடு வாங்கினவன் இனி ஊர் திரும்பமாட்டான் மாஸ்ரர். ஊரை மறந்தவன்தான் இஞ்சை வீடு வாங்குவான்" என்றார். சற்று நேரத்தில் அவரே, ஊரிலுள்ள தமது பெற்றோர் வீட்டின் கூரை விழுந்துவிட்டதென்றும், அதைத் திருத்த அண்ணன் தம்பிமார் எவரும் உடன்படவில்லை என்றும், தாமும் காசு அனுப்பப்போவதில்லை என்றும் சொன்னார். இங்கு வாங்குவது துரோகம். அங்கு விழுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது பற்று. இவ்விரண்டு கருத்துகளும் ஒரே நெஞ்சில் எவ்வளவு அமைதியாகக் குடியிருக்கின்றன என்று எண்ணியபடி வீடு திரும்பினேன். இரண்டுமே தவறு என்பது என் கருத்து.

முதலாவதை முதலில் பார்ப்போம். லூயி நெப்போலியன் 1851 டிசெம்பர் 2இல் ஆட்சியைக் கவிழ்த்து அதிகாரத்தைக் கைப்பற்றியபோது அதனை எதிர்த்து நின்றவர் ஹியூகோ. பெல்ஜியம் அவரை ஏற்றது. ஆனால் புதிய ஆட்சியாளரைச் சாடி அவர் நூல் வெளியிடவிருந்தபோது அங்கு தொடர்ந்திருத்தல் இயலாதாயிற்று. 1852 ஓகஸ்டில் ஜேர்சித் தீவுக்குச் சென்றார். அதற்கு முன்பே, ஜூன் மாதத்தில், பாரிசில் அவர் குடியிருந்த வீட்டின் தளபாடங்கள் ஏலத்தில் விற்கப்பட்டுவிட்டன. லாச்சப்பலிலிருந்து நடந்துபோகக்கூடிய லா தூர் தோவேர்ன் தெருவில், அவர் பிரசெல்சில் இருக்கையிலேயே, ஏலக்காரரின் சுத்தியல் அடிக்கப்பட்டது. ஜேர்சியிலும் நிலைக்க முடியவில்லை. அங்கிருந்த பிரெஞ்சு அகதிகள் ஒரு பத்திரிகை நடத்தினார்கள். நெப்போலியனோடு உறவு கொண்டாடியமைக்காக விக்ரோரியா மகாராணியைக் கண்டித்து எழுதப்பட்ட ஒரு பகிரங்கக் கடிதத்தை 1855இல் அது வெளியிட்டது. பத்திரிகையோடு தொடர்புடையோர் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்காக எழுந்த எதிர்ப்பறிக்கையில் கையொப்பமிட்டவர்களும் வெளியேற்றப்பட்டனர். ஹியூகோ கையொப்பமிட்டிருந்தார். அகதிகளின் பத்திரிகையில் ஒரு கடிதம் எவ்வளவு விலை பெறும் என்பதை இப்பக்கத்தில் எழுதுகிற எனக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

அக்டோபர் இறுதியில் கேர்ன்சியில் கால்வைத்தார். அடுத்த ஆண்டு அவருடைய கவிதைத் தொகுதி ஒன்று நன்கு விற்றது. அந்தப் பணத்தில் 1856 மே 16ஆம் நாள் ஓத்வில் இல்லத்தை வாங்கினார். அவர் வாழ்நாளில் வாங்கிய முதல் வீடு அதுவே. பாரிசில் இருந்தவரை அவர் வாடகைக் குடியிருப்பாளர்தான். ஊரில் வீடில்லாதிருந்தவர் அகதியான பின்பே வீட்டுக்காரர் ஆனார்.

ஏன் வாங்கினார்? கணக்கு எளியது. மூன்று நாடுகளிலிருந்து வெளியேறியாயிற்று. நான்காவது முறை எவரும் கதவைத் தட்டக்கூடாது. காணியுடையவரைத் தீவிலிருந்து எளிதில் வெளியேற்ற முடியாது என அவர் அறிந்திருந்தார். அத்தீவின் பழைய வழக்கப்படி, வீட்டுக்காரர் என்ற முறையில் ஆண்டுதோறும் இரண்டு கோழிகளுக்கு ஈடான சிறு வரியை அவர் இங்கிலாந்து அரசிக்குச் செலுத்தவேண்டியிருந்தது. தம்மை வெளியேற்றிய அரசிக்கே கோழிவரி செலுத்தி, அந்த வரியையே தம் கேடயமாக்கிக்கொண்டார். வதிவிட அனுமதிக்காக மாநிர்வாகத்தின் முன் விடியுமுன் வரிசையில் நின்ற எவருக்கும் இதன் பொருள் புரியும். நம்மவர் இங்கு வீடு வாங்குவதும் பெரும்பாலும் இதே அச்சத்தினால்தான். வாடகைக்கு வீடு தேடி, பெயரைக் கேட்டதும் வைக்கப்பட்ட தொலைபேசிகளை எண்ணிப்பார்த்தவர், கடன்பட்டாவது நாலு சுவரைத் தன் பெயரில் எழுதிக்கொள்கிறார். இதில் ஊரை மறத்தல் எங்கே வருகிறது?

1859 ஓகஸ்டில் நெப்போலியன் பொதுமன்னிப்பு வழங்கினார். அகதிகள் பலர் திரும்பினார்கள். ஹியூகோ மறுத்தார். நாட்டுக்குள் சுதந்திரம் திரும்பும்போதே தாமும் திரும்புவதாக அறிவித்தார். அப்போது அவரிடம் வீடு இருந்தது, தோட்டம் இருந்தது, சுவர் நிறையச் சித்திரவேலைப்பாடு இருந்தது. வீடு வாங்கியதால் அவர் உறுதி தளர்ந்ததாக எவரும் சொல்ல முடியாது. மாறாக, வெளியேற்றப்படும் அச்சம் நீங்கிய பின்னரே அவரால் மறுக்க முடிந்தது எனலாம். 1845இல் தொடங்கிப் பல ஆண்டுகள் கைவிட்டிருந்த நாவலை 1860இல் அந்த வீட்டில் மீண்டும் கையிலெடுத்தார். 1862இல் வெளிவந்த அந்நாவலைச் சுத்தானந்த பாரதியார் தமிழில் தந்த 'ஏழைபடும் பாடு' என்ற பெயரால் நம் பெற்றோர் அறிவர். 1950இல் அது திரைப்படமாகவும் வந்தது.

இவ்வீட்டின் உட்புறத்தைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். தீவெங்கும் அலைந்து பழைய மரப்பெட்டிகளை வாங்கிச் சேர்த்தார். உள்ளூர்த் தச்சர்களைக் கொண்டு அவற்றைப் பிரித்து, கதவுகளையும் பலகைகளையும் சேர்த்து, அலுமாரி, சாய்மனை, சுவர்ப்பலகை எனப் புதிதாக அமைத்தார். ஏலத்தில் போன தளபாடங்களுக்கு ஈடாக, பிறர் வேண்டாமென்று விட்டவற்றிலிருந்து ஒரு வீட்டைக் கட்டினார் என்று சொல்லலாம். சாப்பாட்டு அறைச் சுவரில் நீலவெள்ளை ஓடுகள். அங்கே ஒரு பெரிய நாற்காலி. அதன் குறுக்கே சங்கிலி. எவரும் அதில் அமர்வதில்லை. அது முன்னோருக்குரிய இருக்கை. அதே அறையின் கதவில், வாழ்வே நாடுகடந்த நிலைதான் என்னும் பொருள்பட இலத்தீனில் மூன்று சொற்கள் செதுக்கப்பட்டுள்ளன. வீட்டின் உச்சியில் கண்ணாடியால் ஆன ஓர் அறை. 1860களின் தொடக்கத்தில் அவர் கட்டுவித்தது. காலையில் அங்கு நின்றபடியே எழுதுவார். வானம் தெளிந்த நாட்களில் அங்கிருந்து பிரான்சின் கரை தெரியும்.

அந்தச் சங்கிலியிட்ட நாற்காலியைப் பற்றி முதன்முதல் படித்தபோது என் நினைவுக்கு வந்தது தலைவாசலில் கிடந்த எங்கள் அப்பாவின் சாய்மனைக் கதிரை. அவர் இறந்தபின் அம்மா அதில் எவரையும் இருக்கவிடவில்லை. சங்கிலிதான் இல்லை.

ஆனால் ஹியூகோவை நம் முன்மாதிரி ஆக்கிவிடுவதில் எனக்கு விருப்பமில்லை. அவர் புகழோடு வந்த அகதி. எழுத்து அவருக்குச் சோறு போட்டது. வீட்டில் பணியாட்கள் இருந்தனர். இன்னொன்றும் உண்டு. அக்காலத்தில் கேர்ன்சியின் நீதிமன்ற மொழி பிரெஞ்சு. தம் மொழி வழங்கும் தீவிலேயே அவர் அடைக்கலம் பெற்றார். ஆங்கிலம் கற்கும் தேவை அவருக்கு எழவில்லை. உணவகத்தின் பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டே பிறமொழி ஒன்றின் வினைச்சொற்களை மனனம் செய்த நமது நிலையோடு அதனை ஒப்பிடுவது பொருந்தாது.

அவ்வீட்டின் மகிமையைப் பாடுவோர் பெரும்பாலும் விரைந்து கடந்துபோகும் ஒன்று உண்டு. கண்ணாடி அறையில் தந்தை எழுதிக்கொண்டிருக்க, கீழ்த்தளத்தில் குடும்பம் வாடியது. நாடுகடத்தல் அவர் தேர்ந்த கொள்கையின் விளைவு. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அது வந்து விழுந்த ஒன்று. இளைய மகன் பிரான்சுவா விக்ரர் ஷேக்ஸ்பியரின் நாடகங்களை மொழிபெயர்ப்பதில் தன் இளமையைச் செலவிட்டார். மகள் அதேல் திருமண வயதில் சிற்றூரின் தனிமையில் அடைபட்டிருந்தாள். 1863இல் ஓர் ஆங்கில இராணுவ அதிகாரியைத் தேடி எவரிடமும் சொல்லாமல் கனடாவின் ஹலிபாக்சுக்குப் போனாள். அவன் அவளை ஏற்கவில்லை. பின்னர் பார்படோசுக்கும் அவனைத் தொடர்ந்தாள். சித்தம் கலங்கிய நிலையில் 1872இல் பிரான்சுக்கு அழைத்துவரப்பட்டு, எஞ்சிய நெடுங்காலத்தை மனநல இல்லங்களில் கழித்து, 1915இல் இறந்தாள். ஹியூகோவின் மனைவி 1868இல் பிரசெல்சில் காலமானார். வீடு மட்டும் மேன்மேலும் அழகாகிக்கொண்டே போயிற்று. தலைவர் ஊருக்காக வாழ்கிறார் என்று பெருமை பேசும் குடும்பங்களில் அந்தப் பெருமையைச் சுமப்பவர் யார் என்பதை நம் வீட்டுப் பிள்ளைகளிடம் ஒருமுறை கேட்டுப்பார்க்க வேண்டும். பாரிசில் பிறந்த நம் பிள்ளைகளுக்கு ஊர் என்பது தந்தையின் தொலைபேசிக் கோபமாகவும் தாயின் மாலைநேர அழுகையாகவும் மட்டுமே அறிமுகமாகியிருக்குமானால், நாம் இறந்தபின் அவ்வூர் வீட்டை அவர்கள் ஏன் நாடப்போகிறார்கள்?

இனி இரண்டாவது கருத்துக்கு வருகிறேன். பேணப்படும் வீடு தானாகவே பேணப்படுவதில்லை. ஹியூகோ 1885இல் இறந்தார். வீடு குடும்பத்தின் கையில் இருந்தது. 1927இல் அவர் பேத்தி ஜானும், அதற்கு ஈராண்டுகள் முன் காலமான பேரன் ஜோர்ஜின் பிள்ளைகளும் ஒன்றுபட்டு, வீட்டை அதிலுள்ள பொருட்களோடு பாரிஸ் மாநகருக்கு நன்கொடையாக எழுதிக்கொடுத்தனர். உரித்தாளர்கள் ஒரு தாளில் கையொப்பமிட்டார்கள், அவ்வளவுதான். அந்தத் தாள் இல்லாதிருந்தால் கடற்காற்றும் மழையும் ஐம்பது ஆண்டுகளில் தம் வேலையை முடித்திருக்கும். இன்று பிறநாட்டு ஆட்சிக்குட்பட்ட ஒரு தீவில் பாரிஸ் மாநகரின் உடைமையாக அவ்வீடு நிற்கிறது. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகள் மூடப்பட்டு நடந்த பெருந்திருத்தத்தின் பின், 2019 ஏப்ரலில் மீண்டும் திறக்கப்பட்டது. செலவின் பெரும்பகுதியைச் செல்வந்தர் பிரான்சுவா பினோ ஏற்றார். நம் குப்பைவரியை அறவிடும் அதே மாநகரம்தான் ஓர் அகதியின் கூரையையும் பார்த்துக்கொள்கிறது.

இதனை ஊரோடு வைத்துப் பார்ப்போம். யாழ்ப்பாணத்து நாற்சார் வீடுகளும் பெரிய கல்வீடுகளும் பல, விக்ரோரியா ஆட்சியின் பிற்பகுதியிலும் அதனையடுத்த சில பதிற்றாண்டுகளிலும் எழுந்தவை. அவற்றைக் கட்டிய பணத்திற்கு ஒரு வரலாறு உண்டு. மலாயாவின் தொடருந்துச் சேவையிலும் அரச அலுவலகங்களிலும் எழுதுவினைஞராய்ப் பணிபுரிந்த நம் பாட்டன்மார் அனுப்பிய பணம் அது. 'மலாயன் பென்சனியர்' என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த தலைமுறை இன்னும் இருக்கிறது. தேக்குத் தூண், பனஞ் சிலாகை, வழிப்போக்கர் இளைப்பாறச் சங்கடப்படலை, நடுவே வானம் பார்த்த முற்றம்; இவை யாவும் கடல்கடந்து உழைத்தவர்களின் வியர்வை. ஆகவே ஊரில் இருக்கும் வீடு மண்ணின் வீடு, வெளிநாட்டில் இருப்பது அந்நிய வீடு என்று கோடு கிழிப்பவர்கள் தங்கள் பாட்டனாரின் கோலாலம்பூர் முத்திரை பதித்த கடிதங்களைத் தேடிப்பார்க்கட்டும்.

அவ்வீடுகளைப் போர் தின்றது உண்மை. 1990இல் இடம்பெயர்க்கப்பட்ட வலிகாமம் வடக்கு மக்கள், உயர்பாதுகாப்பு வலயமென வேலியிடப்பட்ட தம் வளவுகளைப் பல ஆண்டுகள் தூரத்திலிருந்துகூடப் பார்க்க இயலவில்லை. 2015இன் பின் பகுதிபகுதியாகக் காணிகள் விடப்பட்டபோது, பலர் கண்டது அத்திவாரத்தை மட்டுமே. இது குறித்து இப்பக்கத்தில் பலமுறை எழுதப்பட்டாயிற்று. ஆனால் எறிகணை படாத, வேலியிடப்படாத வீடுகளும் விழுகின்றனவே, அவற்றை யார் இடித்தார்கள்? சட்டப்பேச்சில் சொன்னால், பிரிக்கப்படாத பங்குகள் இடித்தன. நான்கு பிள்ளைகள், நான்கு நாடுகள், ஒவ்வொருவருக்கும் நாலிலொரு பங்கு. திருத்த ஒருவர் விரும்புவார். விற்க ஒருவர் விரும்புவார். மூன்றாமவர் தொலைபேசியை எடுக்கமாட்டார். நான்காமவர் ஊரிலிருந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். இதற்கிடையில் பூட்டிய வீட்டில் வேறொருவர் குடியேறுவார். உரிமையாளரின் உரிமையை ஏற்காது பத்தாண்டுகள் தடையின்றி ஆண்டவர்க்கு இலங்கையின் ஆட்சியுரிமைச் சட்டம் கைகொடுக்கிறது. அச்சட்டம் 1871ஆம் ஆண்டுக்குரியது. அதுவும் விக்ரோரியா காலத்துச் சொத்துதான். போரினால் வழக்காட முடியாதிருந்தோரின் பொருட்டு 2016இல் விசேட ஏற்பாடுகள் கொண்ட ஒரு சட்டம் வந்தது; அதன் பயனைப் பெறக் குறிக்கப்பட்ட காலமும் கடந்துவிட்டது. அரசின் பாதுகாப்பை நம்பியிருக்கலாம் என்று எண்ணுவோர், தொல்லியற் சின்னமாக அறியப்பட்ட நல்லூர் மந்திரிமனை எந்நிலையில் கிடக்கிறது என்பதைப் பார்த்துவரலாம்.

கையொப்பமிடாமைக்கு ஒரு நியாயமான காரணம் உண்டு என்பதையும் சொல்லவேண்டும். அகதி நிலையில் உள்ள ஒருவர் அற்றோணித் தத்துவம் எழுதுவதற்காகத் தான் தப்பிவந்த நாட்டின் தூதரகப் படியேறுவது அவரது அகதி நிலைக்கே கேடாகலாம். 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, சொந்த நாட்டின் பாதுகாப்பைத் தானே விரும்பிப் பெறுபவர் அகதி நிலையை இழக்க இடமுண்டு. எனவே சட்டத்தரணியிடம் கேளாமல் எவரும் அந்தப் படியில் கால்வைக்க வேண்டாம். ஆனால் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றுப் பல ஆண்டுகள் ஆனவர்கள் இக்காரணத்தைச் சொல்ல முடியாது. அவர்களுள் நானும் ஒருவன்.

என் கதையைச் சொல்லியே ஆகவேண்டும். வடமராட்சியில் எங்கள் வீடு அம்மாவின் பாட்டனார் மலாயாவிலிருந்து அனுப்பிய பணத்தில் கட்டியது. அம்மாவுக்குச் சீதனமாக வந்தது. 1987இல் எறிகணை பட்டு ஓடுகள் போயின. அப்பா கடன்பட்டு மாற்றினார். அம்மா 2014இல் காலமான பின் வீடு பூட்டியே கிடக்கிறது. அக்கா ஊரில், அண்ணன் ஸ்காபரோவில், தங்கை ஹரோவில், நான் இங்கே. 2016இல் அக்கா ஒரு யோசனை சொன்னா. முன்பக்கத்து மண்டபத்தையும் தலைவாசலையும் ஊர்ச் சனசமூக நிலையத்திற்கு நூலகமாக எழுதிக்கொடுப்பது; பின்கட்டையும் கிணற்றடியையும் தன் மகளுக்கு விடுவது. எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்தும், "பாப்பம் அக்கா" என்றேன். முதலில் அகதி அட்டை காரணம். பிறகு குடியுரிமை வந்தது, வேலை காரணமாயிற்று. பிறகு ஒரு காரணமும் இல்லை. கையொப்பமிட்டால் எனக்கு ஊரில் வீடில்லை என்றாகிவிடும். அந்தச் சொல்லை என் வாயால் சொல்லக் கூசினேன், அவ்வளவுதான். பல்கலைக்கழகத்தில் மாணவர்க்கு வரலாற்றுச் சான்றுகளைப் பேணுவது பற்றி விரிவுரை நிகழ்த்தியவன் செய்த வேலை இது.

2021 மாரியில் குசினிச் சுவர் விழுந்தது. அக்கா தொலைபேசியில் அழவில்லை. "தம்பி, ஓடு போனால் சிலாகை போகும், சிலாகை போனால் சுவர் போகும். நாங்கள் நாலுபேரும் முடிவெடுக்கிறதுக்குள்ள வீடு தானே முடிவெடுத்திடும்" என்று மட்டும் சொன்னா.

எல்லா வீட்டையும் நூலகமாக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எல்லா வீடும் பேணத்தக்கதும் அன்று. விற்க வேண்டியதை விற்கலாம்; ஊரில் வீடின்றி வாடகைக்கு இருக்கும் மச்சாளுக்கோ மருமகனுக்கோ நன்கொடை உறுதி முடிக்கலாம்; இடித்துக் காணியைத் தோட்டமாக்கலாம். முடிவு எதுவாயினும் அது முடிவாக இருக்கவேண்டும். பூட்டிவைத்து, திறப்பை இங்கு அலுமாரியில் வைத்து, ஊரில் வீடுண்டு என்று கலியாண வீடுகளில் சொல்லிக்கொள்வது மட்டும் முடிவாகாது. விற்காவிட்டால் படமாவது எடுங்கள். அறைகளின் அளவையும் கட்டியவர் பெயரையும் கட்டிய ஆண்டையும் எழுதிவையுங்கள். பழைய உறுதிகளை ஒரு பிரதி எடுத்துப் பிள்ளைகளிடம் கொடுங்கள். ஓத்வில் இல்லத்தை 2019இல் திருத்தியவர்களுக்குக்கூடப் பழைய ஒளிப்படங்களும் பதிவுகளும் வேண்டியிருந்தன.

ஹியூகோ 1870இல் திரும்பிவந்த பின் அந்த வீட்டை விற்றுவிடவில்லை. 1872இல் தாமாகவே மீண்டும் கேர்ன்சிக்குப் போய் ஏறத்தாழ ஓராண்டு தங்கி, புரட்சிக் காலத்தைப் பற்றிய தம் கடைசி நாவலை அந்தக் கண்ணாடி அறையில் எழுதினார். நாடு திரும்பியவர் நாடுகடந்த வீட்டை நாடிப் போனார். இதனை எப்படி விளங்கிக்கொள்வது என்று இளைஞனாயிருந்தபோது எனக்குத் தெரியவில்லை. இப்போது, நாளை ஊருக்குப் போய்விட்டாலும், மாரிகாலத்து மாலையில் லாச்சப்பலின் மேம்பாலத்தில் வண்டி போகும் ஓசை காதில் கேட்டுக்கொண்டேயிருக்கும் என்று தோன்றுகிறது.

கேர்ன்சிக்குச் செல்வது நம் எல்லோருக்கும் எளிதன்று. அகதிக்குரிய பயண ஆவணம் வைத்திருப்பவருக்கு விசா வேண்டும். வீடும் குளிர்காலத்தில் மூடியிருக்கும். ஆனால் அதன் ஒரு துண்டைக் காண மெத்ரோச் சீட்டு ஒன்று போதும். கார் து நோரில் ஐந்தாம் இலக்க மெத்ரோவைப் பிடித்து பஸ்திலில் இறங்கினால், சிறிது நடையில் வோஸ்ஜ் சதுக்கம். அங்கே 1832 முதல் 1848 வரை ஹியூகோ வாடகைக்கு இருந்த வீடு 1903 முதல் அருங்காட்சியகமாக உள்ளது. நிரந்தரக் காட்சிகளுக்குக் கட்டணமில்லை. கேர்ன்சியில் தம் தோழி ஜூலியத் துருவேயின் வீட்டுக்காக அவர் வடிவமைத்த சீன அறையின் சுவர்ப்பலகைகளும் பீங்கான்களும் அங்கு கொண்டுவந்து பொருத்தப்பட்டுள்ளன. திங்கட்கிழமை பூட்டு, ஞாயிறு போகலாம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். பலகைகளில் ஹியூகோவே தீட்டிய உருவங்களைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள். என் மகள் சிரித்தாள். பிறகு, "அப்பாவின்ர வீட்டில இப்பிடி என்ன இருந்தது?" என்று கேட்டாள். தேக்குத் தூண்களைப் பற்றியும் வெளிச்ச ஓட்டினூடாக மண்டபத்தில் விழும் வெயிலைப் பற்றியும் சொன்னேன். படம் காட்டு என்றாள். என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

அன்றிரவே அக்காவுக்கு எடுத்தேன். பத்திரம் தயாராகிவிட்டது. நான் ஒப்பமிட்டுவிட்டேன், தங்கையும் ஒப்பமிட்டு அனுப்பிவிட்டாள், அக்காவினது ஊரில் முடிந்தது. ஸ்காபரோவில் உள்ள அண்ணனுடையதுதான் இன்னும் வரவில்லை. "பாப்பம்" என்று சொல்லியிருக்கிறார்.